நூறு வாட், பதில் இல்லை

1983 ஆகஸ்ட் 14, ஞாயிறு – 100 வாட் – பதில் உண்டு
1996 மார்ச் 31, ஞாயிறு – 100 வாட் – பதில் உண்டு
1996 மே 5, ஞாயிறு – 100 வாட் – பதில் இல்லை
மே 12 – 100 வாட் – பதில் இல்லை
மே 19 – 100 வாட் – பதில் இல்லை
மே 26 – 100 வாட் – பதில் இல்லை
ஜூன் 2 – 100 வாட் – பதில் இல்லை
ஜூன் 9 – 100 வாட் – பதில் இல்லை

முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே அறுநூற்று ஒன்பது வரிகள் இருக்கின்றன. அத்தனையிலும் பதில் உண்டு. நான்கு தடித்த நோட்டுகளில், ஒரே அளவு எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் அவற்றை எழுதியவர் மீட்டர்க்காரர். மின்சார இலாகாவின் சோதனைக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் வீட்டு மீட்டர்களைச் சோதித்து முத்திரை வைத்தவர். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. மருந்துக்கடையில் சீட்டு எழுதும்போதுகூட அந்தப் பெயரில்தான் எழுதினார்கள்.

வேலையில் இருந்த காலத்தில், பில் அதிகம் வந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, மீட்டரை அவர்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டுவார். முள் சரியான இடத்தில் நின்றதும் ஒரே வாக்கியம் சொல்லுவார்: “மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க.” வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்கள். அந்த முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் வைத்த முத்திரை ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை.

அவருடைய ஒரே பொழுதுபோக்கு ரேடியோ. பாட்டுக் கேட்கும் ரேடியோ அல்ல. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, தன் வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற ரேடியோ. ஆனால் அவர் உலகத்தோடு பேசியது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரே ஒரு ஆளோடு பேசுவார். அவர் தீவுக்காரர்.

தீவுக்காரர் வானிலை இலாகாவின் ஆள். நடுக்கடலில் ஒரு சின்னத் தீவில் பலூன் விட்டு, காற்றையும் அழுத்தத்தையும் குறித்து, எண்களாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது வேலை. அங்கே போக வேறு யாரும் முன்வராததால் ஓய்வு வயது தாண்டியும் இலாகா அவரையே வைத்திருந்தது. கூட இருந்தவர்கள் இரண்டே பேர், ஒரு சமையல்காரர், ஒரு ஜெனரேட்டர் மெக்கானிக். கப்பல் ஏழு வாரத்துக்கு ஒரு முறை வரும். டெலிபோன் கிடையாது. இலாகா ரேடியோவில் வானிலை தவிர வேறு எதுவும் அனுப்பக் கூடாது. அதனால் சொந்தமாக ஒரு ரேடியோ வாங்கி வைத்திருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு அக்கா இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தீவுக்காரர் மீட்டர்க்காரரைவிட இரண்டு வயது மூத்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்த நாளிலிருந்து ஒருவர் அண்ணன், மற்றவர் தம்பி. பன்னிரண்டரை வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டார்கள். இங்கே மழை, அங்கே வெயில், இங்கே முழங்கால் வலி, அங்கே காது மந்தம், புதுக் கண்ணாடி. தீவுக்காரர் எடுத்த எடுப்பில் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: “இந்த வாரமும் யாரும் வரலை தம்பி. போன வாரம் வராதவங்களே இந்த வாரமும் வரலை. ஓவர்.” மீட்டர்க்காரர் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே சிரிப்பார்.

மார்ச் 31 அன்று மட்டும் தீவுக்காரர் அந்த வேடிக்கையைச் சொல்லவில்லை. இருபது நிமிஷம் சுற்றி வளைத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஜூலைக் கப்பலோடு அவருக்கு வேலை முடிகிறது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் போகிற முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டும். முகவரி இல்லாதவர்களை இலாகாவே தன் முதியோர் விடுதி ஒன்றில் சேர்த்துவிடும். எந்த ஊரில் இடம் காலியோ அந்த ஊர்.

“தம்பி, உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் கிடைக்குமா? வாடகை நான் குடுத்துக்கறேன், சாப்பாடும் நான் பாத்துக்கறேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் பேச ஆள் இருந்தாப் போதும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஓவர்.”

மீட்டர்க்காரர் கண்ணால் பார்க்காத எண்ணை எழுத மாட்டார். அன்றும் அப்படித்தான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடு மாறப் போகிறேன், அந்த இடமே இன்னும் பழகவில்லை, பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றார். புது முகவரிக்கு உரிமம் மாற்ற ஒரு மாதம் ஆகும், மே 5 ஆறரைக்குத் திரும்பவும் வருவேன், அன்றிலிருந்து அதுதான் முதல் வேலை என்றார். தீவுக்காரர் மே 5 என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

வீடு மாறியது மனைவியின் இடுப்பு வலியால். பழைய வீட்டில் மாடிப்படி அதிகம். மகள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, மூன்றாம் மாடியில் மகள் வீட்டிலேயே ஓர் அறையும் உண்டு. அங்கே இல்லாதது மொட்டைமாடி. இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. ஒரு புயலில் யாரோ வைத்த டிவி தட்டு கழன்று கீழே நின்ற காரின் மேல் விழுந்ததிலிருந்து, மாடியில் ஒரு கம்பிகூடக் கட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. மீட்டர்க்காரர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார். சங்கச் செயலாளர் மனுவை வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் ஏறுவாங்க சார். என்னைத்தான் கேப்பாங்க,” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பழைய வீட்டில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, அலைவரிசைக்கு ஏற்ற நீளத்தில், பத்து மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு வெட்டிய கம்பி இருந்தது. புது வீட்டில் மிச்சம் இருந்த ஒரே இடம் பால்கனி. இரும்புக் கைப்பிடியின் உள்பக்கமாக நாலரை மீட்டர் கம்பியைத் துணிக்கொடி மாதிரி கட்டினார். ரேடியோவைப் பின்பக்கத்துச் சாமான் அறையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வீட்டில் எல்லாரும் தூங்குவார்கள், அங்கேதான் சத்தம் கேட்காது. அங்கிருந்து பால்கனி வரை சுவரோரமாகவும் கதவு மேலாகவும் சுற்றி வந்த மெல்லிய கேபிள் இருபத்திரண்டு மீட்டர். கேபிளும் கம்பியும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா.

இவ்வளவு குட்டைக் கம்பியை ரேடியோ ஏற்றுக்கொள்ளாது. அனுப்புகிற சக்தியில் பெரும்பங்கு போன வழியே திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. முள் ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை என்று கணக்கு. அவர் கட்டிய கம்பிக்கு முள் கோடிக்கே ஓடிவிட்டது. ரேடியோக் கடைக்காரர் ஆட்டோ ட்யூனர் என்ற பெட்டியைக் கொடுத்தார். ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். பொத்தானை அமுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம், ஐந்து விநாடியில் பச்சை விளக்கு, முள் ஒன்றில் வந்து உட்கார்ந்துவிடும். “இதுல முள்வேலிய மாட்டினாக்கூட ஒண்ணுக்குக் கொண்டு வந்துடும் சார்,” என்றார் கடைக்காரர். மீட்டர்க்காரர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

மே 5 ஆறரைக்குத் தீவுக்காரரின் குரல் வந்தது. முன்னைவிட மெலிவு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. மீட்டர்க்காரர் பச்சை விளக்கைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், பேசினார். எதிர்ப்பக்கம் அரை நிமிஷம் காத்திருந்துவிட்டு, “தம்பி, இருக்கீங்களா?” என்றது. பேசினார். “தம்பி, கேக்கலை,” என்றது. நாற்பது நிமிஷம் இப்படியே போயிற்று. அவர் சொன்ன எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை, அங்கே சொன்னது எல்லாம் இங்கே வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் சூரியனில் புள்ளிகள் குறைந்திருந்தன. அப்படிப்பட்ட வருஷங்களில் தூரத்துப் பேச்சு மங்கும். அவர் சூரியன்மேல் பழியைப் போட்டார். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு தீவுக்காரர், வீடு மாறுவது சாமானிய வேலையா, மெதுவாகவே வாருங்கள் என்று காற்றுக்குச் சொன்னார். நான்காவது ஞாயிறு, ரூம் விஷயம் சிரமம் என்றால் விட்டுவிடலாம் என்றார். மீட்டர்க்காரர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினார். மகள் எழுந்து வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் மனைவி வந்து, பக்கத்து வீட்டுப் பூனை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பால்கனி டப்பாவின் மேல் படுத்துக்கொள்கிறது, தொட்டுப் பார்த்தால் டப்பா சூடாக இருக்கிறது என்றார். வெயில் என்றார் மீட்டர்க்காரர். காலை ஆறரைக்கு என்ன வெயில் என்று மனைவி கேட்டார். அவர் நோட்டில் குனிந்திருந்தார்.

மே மாதக் கடைசியில், இலாகா ரேடியோவில் தீவுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லிக் கேட்க, வானிலை இலாகாவின் தலைமை அலுவலகத்துக்கே போனார். அங்கிருந்த குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார்.

“நீங்க அவருக்கு என்ன உறவு?”

“ஞாயித்துக்கிழமை பேசுவோம்.”

குமாஸ்தா பேனாவை மூடி வைத்தார். “சாவுச் செய்தின்னா அனுப்பலாம் சார். மத்ததுக்கு எனக்கு அதிகாரம் இல்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி யோசிக்கவே இல்லை. “என் பேர எழுதிக் குடுங்க. தம்பி பொண்டாட்டி செத்துட்டா, உடனே இங்க வரவும்னு. வந்து பாத்துட்டுத் திட்டினாத் திட்டட்டும்.” மீட்டர்க்காரர் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மனைவி அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு ஞாயிறு போன பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் பக்கம் முள் ஒன்றில் நிற்கிறது. நூறு வாட்டும் போகிறது, துளியும் திரும்பவில்லை. அப்படியானால் குறை தீவுக்காரரின் ரேடியோவில்தான் இருக்க வேண்டும், அதன் கேட்கும் பகுதியில். ஜூன் 10 அன்று உட்கார்ந்து நாலு பக்கக் கடிதம் எழுதினார். பதினோரு படிகள், வரிசை எண்ணோடு. முதல் படி ஃப்யூஸைப் பார்க்க வேண்டியது. ஏழாவது படி மேல் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரிலே என்கிற சின்னச் சுவிட்சின் முனைகளைத் துடைக்க வேண்டியது. தன் பக்கத்து மீட்டர் அளவுகளை ஆறு ஞாயிற்றுக்கும் தேதி வாரியாகக் கொடுத்தார். அறை இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் கடைசியில், “அறை விஷயம் தாங்கள் ரேடியோவைச் சரிசெய்ததும் பேச்சில் சொல்கிறேன்” என்று எழுதி முடித்தார்.

கடிதம் போய் ஐந்தாம் நாள் அறை கிடைத்தது. இன்னொரு கடிதம் எழுதலாம் என்றால், ஜூலைக் கப்பலுக்கான தபால் பை முந்தின நாளே மூடப்பட்டுவிட்டது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்கம், ஒரு ஜன்னல், தனிக் குளியலறை. நீளம் பதினொன்றே கால் அடி, அகலம் ஒன்பது அடி. அவரே டேப் பிடித்து அளந்தார். ஜூன் 16, 23, 30, மூன்று ஞாயிறும் அவர் ஒரே செய்தியைத்தான் சொன்னார்: “அண்ணே, ரூம் பாத்தாச்சு. வாங்க. முகவரிய எழுதிக்கங்க.” முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னார். மூன்று ஞாயிறும் பதில் இல்லை.

ஜூலை 3 அன்று கப்பல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூலை 7 ஞாயிறு தீவுக்காரர் வந்தார். அன்று குரல் மிகவும் மெலிந்திருந்தது, காதைக் கையால் பொத்திக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

“லெட்டர் கிடைச்சுது தம்பி. ரொம்பப் பொறுமையா எழுதியிருக்கீங்க. ரேடியோவ இன்னிக்கே திறந்துடறேன். கப்பல் வியாழக்கிழமை கிளம்புது. அதுக்குள்ள முகவரி எழுதிக் குடுக்கணும். ரூம் பத்தி நீங்க ஒண்ணும் எழுதல. பரவால்ல. சரியாயிட்டா செவ்வாய், புதன்ல கூப்பிடறேன். ஓவர்.”

மீட்டர்க்காரர் ரேடியோ கிடக்கட்டும், திறக்காதீர்கள் என்றார். வாருங்கள் என்றார். முகவரி சொன்னார். முள் ஒன்றில் நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. எதிர்ப்பக்கம் அணைந்துவிட்டது.

வெளியே வந்து பால்கனியில் நின்றவர், கம்பி இருந்த இடத்தில் ஒரு படுக்கை விரிப்பு காய்வதைப் பார்த்தார். விரிப்பு தொங்கியது வேறு கயிற்றில். கம்பி சுருட்டி மூலையில் கிடந்தது.

“இத எப்பக் கழட்டினே?”

“வெள்ளிக்கிழமையே கழட்டிட்டேங்க. விரிப்புல துரு படியுது. இது இல்லாமயே இன்னிக்குப் பேசினீங்களே, அப்ப இது வேண்டாம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

 அவர் சாமான் அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினார். கடகட. பச்சை விளக்கு. கம்பியே இல்லாமல் முள் ஒன்றில் வந்து உட்கார்ந்தது. கதவு மேலே போகும் கேபிளைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

முப்பத்து நான்கு வருஷம் மீட்டரோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது ரேடியோவிலிருந்து ட்யூனருக்குள் போவதை மட்டும் அளந்தது. ட்யூனரின் வேலை ரேடியோவைச் சமாதானப்படுத்துவது, அதை அது ஒழுங்காகச் செய்தது. அதற்கு அப்பால் இருபத்திரண்டு மீட்டர் கேபிளுக்குள் சக்தி முன்னும் பின்னும் அலைந்து, சூடாகிச் செத்துக்கொண்டிருந்தது. தப்பித்துப் போனதைப் பால்கனி டப்பா தின்றது. அதன் மிச்சத்தை இரும்புக் கைப்பிடி வாங்கிக்கொண்டது. அன்று பகல் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். நூறில் காற்றில் போனது மூன்று வாட். கம்பி இருந்த ஞாயிறுகளில் மூன்று. அங்கே ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில், தீவுக்காரரின் மந்தமாகிக்கொண்டு வந்த காதுகளுக்கு, மூன்று வாட். நோட்டை எடுத்து மே 5 முதல் ஒவ்வொரு நூறையும் சிவப்பு மசியால் அடித்து மேலே மூன்று என்று எழுதினார். அந்த நோட்டுகளில் முதல் திருத்தல் அதுதான். ஜூலை 7-க்கு எதிரே என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை, மாடியில் கம்பி கட்ட அனுமதி கேட்டு மறுபடியும் செயலாளரிடம் போனார். சங்கக் கமிட்டி 21-ஆம் தேதிதான் கூடும் என்றார் செயலாளர். வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்று இவர் சொன்னதற்கு, “யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார். இல்லை என்றுதான் இவரால் சொல்ல முடிந்தது.

மருமகன் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். வங்கியில் வேலை, ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது. “செயலாளர் ஒன்பதரைக்கு ஆபீஸ் போயிடுவார் மாமா. காவல்காரர்கிட்ட சாவி இருக்கு. நாளைக்கு நான் லீவு. எத்தனை மீட்டர்னு மட்டும் சொல்லுங்க.”

“பத்து மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்.”

“பன்னிரண்டையும் விட மாட்டீங்களே,” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினான்.

செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பி மாடியில் ஏறியது. புதுசாகத் தடித்த கேபிள், நேராகக் கீழே. ட்யூனரைக் கழற்றி வைத்துவிட்டார். இந்த முறை முள் ஒன்றரையில் நின்றது, விளக்கு எதுவும் எரியவில்லை. தீவுக்காரரை அழைத்தார். யார் யாரோ பதில் சொன்னார்கள். பனி கொட்டும் ஊர்களிலிருந்தும், இன்னும் விடியாத ஊர்களிலிருந்தும், சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்தும் பதில் வந்தது. கணீரென்று கேட்கிறது, பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். வியாழன் மதியத்துக்குள் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் தீவுக்காரரின் அழைப்புக் குறியைச் சொல்லி, நீங்களும் கூப்பிட்டுப் பாருங்கள், அறை இருக்கிறது வாருங்கள் என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்நியர்கள் இருபத்து மூன்று பேரும் கூப்பிட்டார்கள். எல்லாருடைய குரலும் அவருக்குக் கேட்டது. தீவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மனைவி இரண்டு தடவை தட்டைக் கொண்டுவந்து வைத்து, இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனார். வியாழன் மாலை மருமகன் மாடிக்குப் போய், செயலாளர் வருவதற்குள் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

தீவுக்காரரின் கடிதம் கப்பலில் எழுதி, துறைமுகத்தில் போடப்பட்டிருந்தது. ஒரே தாள். கண் சரியில்லாத கையெழுத்து, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

“அன்புள்ள தம்பிக்கு, தாங்கள் எழுதியபடி ஆறு படிகளும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஏழாவது படியில் மூடியைத் திறந்து துடைக்கும்போது உள்ளிருந்து ஒரு சின்னத் திருகும் ஸ்பிரிங்கும் கீழே விழுந்துவிட்டன. சமையல்காரரும் நானும் புதன் இரவு வரை தேடினோம், கிடைக்கவில்லை. ரேடியோவை அப்படியே மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகத் தேதியோடு எழுதியிருந்தீர்கள். ஆகவே குறை என் பக்கம்தான். அறை விஷயத்தில் தங்களுக்குச் சங்கடம் கொடுத்திருக்கக் கூடாது, அதற்காக வருந்துகிறேன். முகவரிப் படிவத்தில் இலாகா விடுதி என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எந்த ஊர் என்று கரை இறங்கிய பிறகு சொல்வார்களாம். தெரிந்ததும் எழுதுகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.”

எந்த ஊர் என்று தீவுக்காரர் பிறகு எழுதவே இல்லை. கீழ்த்தளத்து அறையை மீட்டர்க்காரர் அந்த வருஷக் கடைசி வரை வாடகை கொடுத்து வைத்திருந்தார். இலாகாவுக்கு ஏழு மனுக்கள் அனுப்பினார், ஏழுக்கும் ரசீது வந்தது. நோட்டில் ஜூலை 7-க்குப் பிறகு ஒரே ஒரு பதிவுதான் உண்டு. அதில் வாட் இல்லை, மீட்டர் அளவு இல்லை. கடைசிக் கடிதம் வந்த நாள் மட்டும் இருக்கிறது: 1996 ஜூலை 27, சனி.